1974-ல் போனது எது? – வாசகர் கேள்வி பதில்

ஜூன் வந்தாலே நம் பக்கத்துக் கடிதங்களின் நிறம் மாறிவிடும். 12-ந் தேதி மேட்டூர் திறப்பார்களா என்ற கவலை ஒரு பக்கம், 14-ந் தேதியோடு மீன்பிடித் தடைக்காலம் முடிகிறதே என்ற பரபரப்பு இன்னொரு பக்கம், மாதக் கடைசியில் கச்சத்தீவு ஒப்பந்தத்தின் நினைவு நாள் வேறு. இந்த முறை வந்தவற்றில் பாதிக்கு மேல் ஒப்பந்தமும் போராட்டமும்தான். சமையல் குறிப்பு கேட்டிருந்தவர்கள் மன்னிக்கவும், அடுத்த இதழில் பார்த்துக்கொள்ளலாம்.

எங்கள் தாத்தா எதற்கெடுத்தாலும் "74-லயே எல்லாம் போச்சு" என்பார். விவரம் கேட்டால் ஒரு நாள் காவிரி என்கிறார், மறுநாள் கச்சத்தீவு என்கிறார். எது சரி?
– கல்லூரி மாணவி, திருவாரூர்

இரண்டுமே சரிதான் அம்மா, தாத்தாவுக்கு ஞாபகம் பிசகவில்லை. டெல்டாக்காரர்களுக்கு மேற்கே ஒரு காகிதம், கிழக்கே ஒரு காகிதம். இரண்டும் 1974-ல்தான் முட்டிக்கொண்டன.

மேற்கே உள்ளது பழையது. 1892-லேயே மைசூரும் சென்னை மாகாணமும் ஓர் ஒப்பந்தம் போட்டுக்கொண்டன. சென்னையைக் கேட்காமல் மைசூர் மேலே புதிய அணை எதுவும் கட்டக்கூடாது என்பது அதன் சாரம். பிறகு கண்ணம்பாடியில் (இன்றைய கிருஷ்ணராஜ சாகர்) பெரிய அணை கட்ட மைசூர் கிளம்பியது, சென்னை மறித்தது, நீதிபதி கிரிஃபின் 1914-ல் தீர்ப்புச் சொன்னார், அது நமக்குச் சாதகமாக இல்லை, சென்னை மாகாணம் லண்டனில் இந்திய விவகாரங்களைக் கவனித்த பிரிட்டிஷ் மந்திரி வரை போய் முறையிட்டது. கடைசியில் 1924 பிப்ரவரி 18-ல் சமரசம். அவர்கள் கண்ணம்பாடியை 44.8 டி.எம்.சி. கொள்ளளவில் கட்டிக்கொள்ளலாம், நாம் மேட்டூரை 93.5 டி.எம்.சி. அளவில் கட்டிக்கொள்ளலாம். பட்டுக்கோட்டை, ஒரத்தநாடு பக்கம் புது ஆறு என்கிறார்களே, அந்தக் கல்லணைக் கால்வாய் வந்தது இந்த ஒப்பந்தத்தின் புண்ணியத்தில்தான். ஆனால் அதில் ஒரு பிரிவு, 50 வருடம் கழித்துச் சில அம்சங்களை மறுபரிசீலனை செய்துகொள்ளலாம் என்றது. 1924-ஓடு ஐம்பதைக் கூட்டிப் பார்.

ஒப்பந்தம் அதோடு காலாவதி என்றது கர்நாடகம். மறுபரிசீலனைதான், காலாவதி இல்லை என்றோம் நாம். இந்த வழக்காட்டம் 2018 பிப்ரவரி 16 வரை ஓடி, ஒப்பந்தம் 1974-ல் முடிந்துவிட்டது என்று உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. இதற்கிடையில் 1971-ல் தமிழ்நாடு உச்ச நீதிமன்றத்தில் ஒரு வழக்குப் போட்டு, பேசித் தீர்க்கலாம் என்ற டெல்லியின் பேச்சைக் கேட்டு மறு வருடமே திரும்பப் பெற்றுக்கொண்டது. டீக்கடையில் அரை நூற்றாண்டாக ஓடும் சண்டைக்கு அதுதான் விறகு.

கிழக்கே உள்ளது கச்சத்தீவு. 1924 ஒப்பந்தத்தின் ஐம்பது வருடம் முடிந்து நாலே மாதத்தில், 1974 ஜூன் 26-ல் கொழும்பிலும் 28-ல் டெல்லியிலும் கையெழுத்தானது. இந்திரா காந்தி ஒரு பக்கம், இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கா ஒரு பக்கம். இராமேசுவரத்துக்கு வடகிழக்கே 285 ஏக்கர், குடிதண்ணீர் இல்லாத தீவு, ஒரு அந்தோணியார் கோயில். எல்லைக் கோடு அதற்கு மேற்கே விழுந்தது, தீவு இலங்கைப் பக்கம் போனது.

இரண்டு சமயத்திலும் முதலமைச்சர் நாற்காலியில் இருந்தவர் நம் திருக்குவளைக்காரர் கருணாநிதி. இதைச் சொன்னால் ஒரு கட்சிக்காரர்களுக்குக் கோபம் வரும், சொல்லாவிட்டால் இன்னொரு கட்சிக்காரர்களுக்கு. ஜூன் 29-ல் அனைத்துக் கட்சிக் கூட்டம் போட்டார், ஆகஸ்ட் 21-ல் சட்டமன்றத்தில் எதிர்ப்புத் தீர்மானம் நிறைவேறியது. நாடாளுமன்றத்தில் இரா. செழியனும் மூக்கையாத் தேவரும் எதிர்த்துப் பேசினார்கள். இதெல்லாம் பதிவில் இருக்கிறது. கையெழுத்துக்கு ஒரு வாரத்துக்கு முன்பே வெளியுறவுச் செயலர் கேவல் சிங் சென்னைக்கு வந்து முதல்வரிடம் விவரம் சொல்லிவிட்டுப் போனார் என்பதும் 2024 தேர்தல் நேரத்தில் வெளிவந்த ஆவணங்களில் இருக்கிறது. தாத்தா எந்தக் கட்சி என்று எனக்குத் தெரியாது, அவர் எந்தப் பாதியைச் சொல்கிறார் என்று கேட்டுப் பார், தெரிந்துவிடும்.

கச்சத்தீவை மீட்டுவிட்டால் எங்கள் ஊர்ப் படகுகளைப் பிடிப்பது நின்றுவிடுமா? மேடைக்கு மேடை அப்படித்தான் சொல்கிறார்கள்.
– விசைப்படகு வீட்டுப் பையன், அக்கரைப்பேட்டை

நிற்காது தம்பி. முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன், மேடைகளில் கடைசி வரி வரைக்கும் சொல்லமாட்டார்கள்.

வரைபடத்தை எடுத்து வைத்துக்கொள். உங்கள் ஊர்ப் படகுகளை எங்கே பிடிக்கிறார்கள்? கோடியக்கரைக்குக் கிழக்கே, பருத்தித்துறைக்கும் காங்கேசன்துறைக்கும் எதிரே. கச்சத்தீவு அங்கிருந்து எத்தனையோ தெற்கே, பாக் நீரிணையின் அடிப்பக்கத்தில் கிடக்கிறது. அந்தத் தீவு நாளைக்கே நம் கைக்கு வந்தாலும் பருத்தித்துறைக் கடல் வராது. இராமேசுவரத்துக்காரர்களுக்குத் தீவு ஓரளவுக்குக் கணக்கில் வரும், நாகப்பட்டினத்துக்கு அது ஒரு அடையாளம், அவ்வளவுதான்.

மீன்பிடி உரிமையைப் பறித்தது 1974 காகிதம் என்று நினைக்கிறோம். அதன் ஐந்தாவது பிரிவு இந்திய மீனவர்களும் யாத்திரிகர்களும் முன்போலவே தீவுக்கு வந்து போகலாம், பயண ஆவணமோ விசாவோ வேண்டாம் என்கிறது. ஆறாவது பிரிவு இரு நாட்டுக் கலங்களும் ஒருவர் கடலில் ஒருவர் வழக்கமாக அனுபவித்து வந்த உரிமையைத் தொடர்ந்து அனுபவிக்கும் என்கிறது. வந்து போகலாம் என்றால் வலை காயவைக்கவா, வலை வீசவா? நாம் ஒரு மாதிரி படித்தோம், அவர்கள் ஒரு மாதிரி படித்தார்கள். அந்தச் சந்தேகத்தையும் கழுவித் துடைத்தது 1976 மார்ச் 23. மன்னார் வளைகுடாவிலும் வங்கக் கடலிலும் எல்லை போட்ட அன்று இரண்டு அரசுகளும் கடிதம் மாற்றிக்கொண்டன, உன் மீனவன் என் கடலிலும் என் மீனவன் உன் கடலிலும் மீன் பிடிக்கக்கூடாது என்று. அந்தத் தேதியைக் கவனி. நாட்டில் நெருக்கடி நிலை. தமிழ்நாட்டில் ஜனவரி 31-லேயே ஆட்சியைக் கலைத்தாகிவிட்டது. சட்டமன்றம் இல்லை, தீர்மானம் இல்லை, பத்திரிகைக்குத் தணிக்கை, ஊர்வலம் போனால் உள்ளே. உண்மையில் உங்கள் அப்பாக்களின் தொழிலைத் தொட்ட காகிதம் இதுதான், இதற்குத்தான் ஒரு கோஷம்கூட எழவில்லை. இன்றைக்கும் 1974-க்குத்தான் சுவரொட்டி, 1976-ஐ யாரும் பேசுவதில்லை. (கன்னியாகுமரிக்குக் கீழே வாட்ஜ் பேங்க் என்ற மீன்வளம் மிக்க பகுதி நமக்கு வந்ததும் அதே ஒப்பந்தத்தில்தான். அது உங்களுக்கு எட்டாத தூரம், அதனால் ஆறுதல் ஒன்றும் கிடையாது, கணக்குக்காகச் சொல்கிறேன்.)

இன்னொன்றும் இருக்கிறது, கோபப்படாமல் படி. எதிர்க் கரையிலும் போராட்டம் நடக்கிறது. 2021 அக்டோபரில் முல்லைத்தீவிலிருந்து பருத்தித்துறை வரைக்கும் படகில் வந்து போராடினார்கள். அவர்களும் தமிழர்கள்தான், போர் முடிந்து கடலுக்குத் திரும்பியவர்கள், சின்னப் படகும் சாதாரண வலையும்தான் முதல். அவர்கள் கேட்பது கச்சத்தீவை அல்ல, நம் இழுவை மடி வலையை நிறுத்தச் சொல்கிறார்கள். இரவில் நம் படகுகள் கடலடியைத் துடைத்துக்கொண்டு போனால் விடிந்ததும் அவர்கள் வலை கிழிந்து கிடக்கிறது, அடியில் குஞ்சும் இல்லை முட்டையும் இல்லை. 2017-ல் இலங்கை நாடாளுமன்றம் இழுவை மடியைச் சட்டம் போட்டே தடை செய்தது. இந்த மடியை நாம் ஆசைப்பட்டுக் கற்றுக்கொள்ளவில்லை, இறால் ஏற்றுமதிக்காக நம் அரசாங்கமே ஊக்கம் கொடுத்து வளர்த்த தொழில், அதையும் மறந்துவிடக்கூடாது. கடனை வாங்கிப் படகு கட்டியவனிடம் போய் நாளையிலிருந்து மடியை மாற்று என்றால் அவன் எங்கே போவான்? ஆழ்கடல் சூரை மீன் படகுத் திட்டம் 2017-ல் வந்தது, இராமேசுவரம் முதல் நாகை வரைக்கும் அதை நம்பிப் போனவர்கள் கொஞ்சம் பேர்தான். செலவு அப்படி, கடலும் வேறு கடல்.

மீட்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. தனியாகவும் சட்டமன்றத் தீர்மானமாகவும் எத்தனையோ முறை கேட்டாகிவிட்டது. ஜெயலலிதா 2008-ல் உச்ச நீதிமன்றம் போனார், கருணாநிதி 2013-ல் போனார், 2025 ஏப்ரல் 2-ல் கூட சட்டமன்றம் தீர்மானம் போட்டது. 2014-ல் மத்திய அரசின் தலைமை வழக்கறிஞர் நீதிமன்றத்திலேயே, போர் தொடுத்தால்தான் திரும்ப வாங்க முடியும் என்ற பொருளில் பேசிவிட்டார். நீ உங்கள் ஊர்ப் பஞ்சாயத்தில் நாட்டாரிடம் கேட்க வேண்டிய கேள்வி வேறு: இரு கரை மீனவர்களும் உட்கார்ந்து பேசிய பேச்சுவார்த்தைகள் ஏன் பாதியில் நின்றன, அடுத்தது எப்போது?

ஒப்பந்தத்தை எதிர்த்து ஜனங்கள் தெருவுக்கு வந்து எங்காவது ஜெயித்திருக்கிறார்களா? சும்மா ஆறுதலுக்குச் சொல்ல வேண்டாம்.
– ஓய்வு பெற்ற ஆசிரியர், கும்பகோணம்

ஆறுதலுக்குச் சொல்ல எனக்கும் வராது ஐயா. ஆனால் ஒரு உதாரணம் இருக்கிறது, அதைப் படித்தால் நமக்கு வயிறு எரியும்.

1958-ல் நேருவும் பாகிஸ்தான் பிரதமர் ஃபெரோஸ் கான் நூனும் பேசி, மேற்கு வங்கத்தின் பெருபாரியில் பாதியைக் கிழக்குப் பாகிஸ்தானுக்குக் கொடுப்பதாக ஒப்புக்கொண்டார்கள். வங்காளம் கொந்தளித்தது. விஷயம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. இந்திய மண்ணை விட்டுக்கொடுப்பதானால் அரசியலமைப்பைத் திருத்தித்தான் ஆக வேண்டும், வெறும் கையெழுத்து போதாது என்று 1960-ல் நீதிமன்றம் கருத்துச் சொன்னது. திருத்தமும் வந்தது, ஆனாலும் மக்கள் விடவில்லை, நிலம் கைமாறவே இல்லை. கடைசியில் 1974 மே 16-ல் இந்திராவும் முஜிபுர் ரகுமானும் போட்ட எல்லை ஒப்பந்தத்தில் பெருபாரி இந்தியாவிடமே இருக்கட்டும் என்று ஆனது. பார்த்தீர்களா, அதே 1974, அதே பிரதமர், கச்சத்தீவுக்கு ஆறு வாரம் முன்னால். அந்த ஒப்பந்தத்தை இந்தியா முழுதாக நிறைவேற்ற 2015-ல் நூறாவது திருத்தம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கச்சத்தீவுக்கு மட்டும் திருத்தம் தேவைப்படவில்லை. இது விட்டுக்கொடுத்தல் இல்லை, யாருடையது என்று முடிவாகாத இடத்தில் எல்லையைத் தீர்மானித்தோம், அவ்வளவுதான் என்றது டெல்லி. இராமநாதபுரம் ஜமீன் கணக்கில் இருந்த தீவு எப்படி முடிவாகாத இடம் ஆனது என்று கேட்க நம்மிடம் அப்போது ஒரு தீர்மானம் இருந்தது, ஒரு தீர்ப்பு இல்லை. பெருபாரிக்காரர்கள் தெருவிலும் நின்றார்கள், நீதிமன்றமும் அவர்கள் பக்கம் ஒரு கேள்வியைப் போட்டு வைத்திருந்தது. வித்தியாசம் அங்கேதான் என்று நான் நினைக்கிறேன்.

தோற்ற கதைகளும் உண்டு. கிரேக்கத்தில், பக்கத்து நாடு மாசிடோனியா என்ற பெயரை வைத்துக்கொள்ளக்கூடாது என்று பல வருடச் சண்டை. 2018 ஜூனில் பிரெஸ்பா ஏரிக்கரையில் இரு அரசுகளும் கையெழுத்துப் போட்டு வட மாசிடோனியா என்று சமாதானம் செய்துகொண்டன. ஏதென்ஸ் நாடாளுமன்றத்தின் முன்னால் ஜனக்கடல், கண்ணீர்ப் புகை, எல்லாம் நடந்தது. 2019 ஜனவரியில் 300 பேர் சபையில் 153 வாக்கில் நிறைவேறியது. இத்தனைக்கும் அந்தப் பக்கத்து நாட்டிலும் "எங்கள் பெயரை விற்றுவிட்டார்கள்" என்று அதே ஒப்பந்தத்தை எதிர்த்துக் கூட்டம் கூடியது. எல்லைக்கு இரண்டு பக்கமும் ஒரே காகிதத்தைத் துரோகம் என்று சொல்வது நமக்கும் பழக்கமான காட்சிதானே.

1991-ல் பெங்களூரில் நடந்ததைப் பற்றி யாரும் எழுதுவதில்லையே, ஏன்?
– இல்லத்தரசி, மன்னார்குடி

எழுதினால் இங்கே ஒரு கல் அங்கே ஒரு கல் விழும் என்ற பயம்தான் அம்மா. காவிரி நடுவர் மன்றம் 1991 ஜூன் 25-ல் தமிழ்நாட்டுக்கு 205 டி.எம்.சி. தர வேண்டும் என்று இடைக்கால உத்தரவு போட்டது. கர்நாடகம் அதை எதிர்த்து அவசரச் சட்டமே கொண்டுவந்தது, அது செல்லாது என்றது உச்ச நீதிமன்றம், டிசம்பர் 11-ல் உத்தரவு அரசிதழில் வெளியானது, மறுநாள் தமிழர்களுக்கு எதிரான கலவரத்தில் பெங்களூர் பற்றிக்கொண்டது. எங்கள் பெரியம்மா மகன் குடும்பம் அப்போது அங்கே சீட்டுக் கம்பெனிக்குப் பக்கத்தில் ஒரு மெஸ் நடத்திக்கொண்டிருந்தது. பூட்டிய கதவைத் திறக்காமலேயே பின்பக்கம் சுவர் ஏறி, காய்கறி லாரியில் சத்தியமங்கலம் வழியாக வந்து சேர்ந்தார்கள். ஒளித்து வைத்தது கன்னடக்கார வீட்டுக்காரம்மாதான், அதை அண்ணி ஒவ்வொரு பொங்கலுக்கும் சொல்வாள். 2016 செப்டம்பர் 12-லும் அதே ஊரில் பஸ்கள் எரிந்தன.

மண்டியாவில் கரும்புக்குத் தண்ணீர் கேட்டு சாலையில் உட்காரும் விவசாயியும் நம்மாள் மாதிரிதான் உட்காருகிறான், அவனோடு எனக்கு வழக்கு இருக்கிறது, பகை இல்லை. பஸ்ஸைக் கொளுத்துகிறவன் வயலில் இறங்கினவனாக இருக்கமாட்டான், இங்கேயும் சரி அங்கேயும் சரி.

ஒரு டி.எம்.சி. என்றால் எவ்வளவு? கேட்டால் எல்லாரும் "நிறைய" என்கிறார்கள்.
– எட்டாம் வகுப்பு மாணவன், திருத்துறைப்பூண்டி

நூறு கோடி கனஅடி. விநாடிக்கு 11,574 கனஅடி வீதம் ஒரு நாள் முழுக்க ஓடினால் ஒரு டி.எம்.சி. ஆகும். உன் நோட்டின் பின்பக்கத்தில் இதையும் எழுதி வைத்துக்கொள்: 2018 தீர்ப்புப்படி மாநில எல்லையில் தண்ணீரை அளக்கும் இடமான பிலிகுண்டுலுவில் நமக்கு வர வேண்டியது வருடத்துக்கு 177.25 டி.எம்.சி. ஜூனில் 9.19, ஜூலையில் 31.24, ஆகஸ்டில் 45.95, செப்டம்பரில் 36.76. மழை கொட்டி அவர்கள் அணை நிரம்பி வழிந்தால் ஒரே வாரத்தில் வந்து குவியும், அது கணக்கில் ஏறிவிடும், கொள்ளிடம் வழியாகக் கடலுக்கும் போய்விடும். குறுவைக்கு நாற்று விட்டவனுக்கு ஜூன் கணக்குதான் முக்கியம். தலைவர்கள் வருடக் கணக்கைச் சொல்லும்போது எழுந்து "சார், இந்த மாசக் கணக்கு?" என்று கேள்.

அது ஏன் எதற்கெடுத்தாலும் தபால் நிலைய முற்றுகை? தபால்காரர் என்ன பாவம் செய்தார்?
– பெயர் வேண்டாம், மயிலாடுதுறை

நம் ஊரில் மத்திய அரசு என்று கையைக் காட்ட வேறு என்ன கட்டடம் இருக்கிறது? ஒன்று தபால் நிலையம், இன்னொன்று ரயில். அதனால் டெல்லி மேல் கோபம் என்றால் ஸ்டாம்ப் விற்கிறவரும் மயிலாடுதுறை பாசஞ்சரும் அகப்பட்டுக்கொள்கிறார்கள். கேட்டில் கை வைப்பதற்குள் வேனில் ஏற்றிவிடுவார்கள், போட்டோ எடுத்துக்கொள்ள மட்டும் கொஞ்சம் நேரம் கொடுப்பது இரு தரப்புக்கும் உள்ள எழுதாத ஒப்பந்தம். அதை எதிர்த்து இதுவரை யாரும் போராடியதாகத் தெரியவில்லை.

மேகேதாட்டு?
– விவசாயி, பாபநாசம்

ஒற்றைச் சொல்லில் கேட்டிருக்கிறீர்கள். காவிரிக்குக் குறுக்கே கர்நாடகம் கட்ட நினைக்கும் அணை அது. கொள்ளளவு 67.16 டி.எம்.சி., பெங்களூர் குடிநீருக்கும் மின்சாரத்துக்கும் என்கிறார்கள். பெங்களூர் குடிநீருக்கென்று உச்ச நீதிமன்றம் 2018-ல் கூட்டிக் கொடுத்தது 4.75 டி.எம்.சி. மீதி அறுபத்திரண்டு டி.எம்.சி. இடம் எதற்கு என்று நாம் கேட்பது நியாயமான கேள்வி. பிலிகுண்டுலுவுக்கு மேலே, இன்றைக்கு எந்தத் தடுப்பும் இல்லாமல் நமக்கு வரும் தண்ணீருக்குக் குறுக்கே ஒரு கதவு வைக்கிறார்கள். கதவு இருந்தால் சாவி யார் கையில் என்ற பேச்சு வரும்.

ஊருக்கெல்லாம் பதில் சொல்கிறீர்களே, நீங்கள் எந்தப் போராட்டத்துக்காவது போனது உண்டா?
– பழைய வாசகர், நீடாமங்கலம்

இப்படி ஒரு கேள்வி வரும் என்று எதிர்பார்த்துக்கொண்டே இருந்தேன். போயிருக்கிறேன், கடைசியாக 2018 ஏப்ரலில். ஞாபகம் இருக்கும் உங்களுக்கு. பிப்ரவரித் தீர்ப்பு, தண்ணீர்ப் பங்கீட்டை நடைமுறைப்படுத்த ஆறு வாரத்தில் ஒரு "ஸ்கீம்" உருவாக்கச் சொன்னது. மார்ச் 29-ல் கெடு முடிந்தது. ஸ்கீம் என்றால் என்ன அர்த்தம் என்று விளக்கம் கேட்டு மத்திய அரசு அப்புறம்தான் நீதிமன்றத்துக்குப் போனது. டெல்டாவே கொதித்தது. முக்கொம்பிலிருந்து நடைப்பயணம் கிளம்பியது, சென்னையில் நடக்க வேண்டிய கிரிக்கெட் ஆட்டங்களையே வேறு ஊருக்கு மாற்றினார்கள். நானும் ஒரு கட்சிக்கும் சேராமல், பக்கத்து வயல்காரர்களோடு ரயில் மறியலுக்குப் போனேன். ரயில் வருவதற்கு இருபது நிமிடம் முன்னாலேயே கைதாகிவிட்டோம்.

கல்யாண மண்டபத்தில் அடைத்தார்கள். மதியம் எலுமிச்சை சாதமும் ஊறுகாயும், சாயங்காலம் ஆறு மணிக்கு விடுதலை. எங்கள் கூட இருந்த ஒரு கடைமடைப் பெரியவர், முதல் பந்தியில் சாப்பிட்டுவிட்டு மணமேடையில் துண்டை விரித்துப் படுத்தவர்தான், விடுதலை என்று எழுப்பினால் "ஃபேன் நல்லா இருக்கு, இன்னும் ஒரு மணி நேரம் கழிச்சு விடுங்களேன்" என்றார்.

பெயர் எழுதிக்கொண்டு வந்த கான்ஸ்டபிள் இளவயசுப் பையன், வெண்ணாற்றுப் பாசனம், வீட்டில் மூன்று மா நிலம் என்று பேச்சுவாக்கில் தெரிந்தது. என் பெயர், அப்பா பெயர், ஊர் எல்லாம் எழுதிவிட்டு, காரணம் என்ற கட்டத்தில் பேனாவை நிறுத்தினான். "காவிரி மேலாண்மை வாரியம் அமைக்கக் கோரி"ன்னு எழுதறேன், ஆனா டிவியில ஸ்கீம்ங்கறான், ஆணையம்ங்கறான், கடைசியில எதுதான் சார் வரும் என்று கேட்டான். எனக்கும் தெரியாது தம்பி, தண்ணி வந்தா சரி என்றேன். வாரியம் என்றே எழுதிக்கொண்டான்.

ஜூன் 1-ல் வந்தது ஆணையம். அவனைப் பார்த்தால் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், அதற்குள் அவனை வேறு ஸ்டேஷனுக்கு மாற்றிவிட்டார்கள்.